சுமோவின் காது

பொன்னுரங்கத்தின் கிணற்றுக்கு வழி கேட்டு யாரும் அந்த நாளில் அலைந்ததில்லை. மாடம்பாக்கத்து ரோட்டில் தண்ணீர் சொட்டிய தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், நேராகக் கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடை அது. மழை பொய்த்து, ஏரி பாளம் பாளமாக வெடித்து, அதற்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் மொத்தமும் பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் நின்றது. மாடம்பாக்கத்துக் கிணறுகளில் மட்டும் எப்படியோ ஊற்று செத்துப்போகாமல் இருந்தது. நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர் லாரி ஏறி வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் போக ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

பொன்னுரங்கத்துக்கு ஏரியோரம் இருந்த நிலத்தில் பாதி பிளாட் ஆகிவிட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்ட அந்தப் பாதியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மீதிப் பாதி தரிசு. தரிசுக்கு நடுவில் கிணறு, கிணற்றை ஒட்டி மோட்டார் கொட்டகை, நாலு தென்னை, கூப்பிடு தூரத்தில் வீடு. ஏர் பிடித்த மனுஷர் மோட்டார் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று ஊரில் சிலர் கிண்டல் பண்ணினார்கள். அவரோ விடிகாலையில் முதல் லாரி வந்ததும், "மொத மடை வந்துச்சி" என்பார். லாரியும் அவருக்கு ஒரு வயல்தான்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. லாரி வந்து குழாய்க்குக் கீழே நிற்கும். டிரைவர் தொட்டிமேல் ஏறி மூடியைத் திறந்து குழாயை உள்ளே விடுவார். பொன்னுரங்கம் கொட்டகைக்குள் சுவிட்சைத் தட்டுவார். அந்தப் பழைய மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தொட்டி தளும்பும்போது டிரைவர் கையை ஆட்டிக்கொண்டு "ஆஃப்! ஆஃப்!" என்று கத்துவார். கத்துவது கேட்காது, கை தெரியும். பொன்னுரங்கம் நிறுத்துவார். இப்படி நாலைந்து லாரி போனதும் கிணறு தரை தட்டிவிடும். ஊற்று ஊறுகிற வரைக்கும் மற்ற லாரிகள் வரிசையாக நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் லோகநாயகியுடையது. பொன்னுரங்கத்தின் சம்சாரம். கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் ஊற்றி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, சுட்ட கருவாட்டோடு டிரைவர்களுக்குக் கொண்டுவருவாள். கூழோடு வசவும் கிடைக்கும். "பீடிய அணைச்சிட்டு வாய்ல வைய்யா, கூழ் நாறும்" என்பாள். வசவில்லாமல் கூழ் வந்தால் லோகாக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று டிரைவர்கள் கவலைப்படுவார்கள்.

கிணற்றுக்குக் காவல் சுமோ. செம்மண் நிறத்தில், வால் சுருண்ட ஒரு பெட்டை நாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிலம் பார்க்க வந்த புரோக்கர் ஒருவரின் டாடா சுமோ கிளம்பிப் போன இடத்தில் கண்ணைக்கூட ஒழுங்காகத் திறக்காத குட்டியாகக் கிடந்தது. லோகநாயகி முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் பெயரே நாயின் பெயராயிற்று. மோட்டார் ஒயரைத் திருட வந்த இரண்டு பேரைத் தென்னைமரத்தில் ஏற்றிவிட்ட புகழ் அதற்கு உண்டு.

குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போட்டது. முதல் ஈற்றில் கடுவன் குட்டிகளை லாரி டிரைவர்களே போட்டி போட்டுக்கொண்டு தூக்கிப் போனார்கள். பெட்டைக் குட்டிகளை யாரும் சீண்டவில்லை. அதற்கப்புறம் கடுவனுக்கும் ஆள் வரவில்லை. எல்லாம் கிணற்று மேட்டிலேயே வளர்ந்து, பாதி நோயில் போகும், பாதி மாம்பாக்கம் ரோட்டில் அடிபட்டுப் போகும். வெயில் காலத்தில் அவற்றுக்குப் பிடித்த இடம் லாரிக்கு அடியில்தான். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி அங்கே மண் குளிர்ந்து கிடக்கும். டிரைவர்கள் வண்டி எடுப்பதற்கு முன் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அது அந்தக் கிணற்றின் சட்டம்.

அந்தக் கோடைக்கு முந்தின கார்த்திகை மாதம் ஒரு நாள், சட்டம் தெரியாத புது டிரைவர் ஒருவன் குனியாமல் வண்டியை எடுத்துவிட்டான். ஐந்து குட்டி.

வேதா அப்போது அங்கே இருந்தாள். பொன்னுரங்கத்துக்கும் லோகநாயகிக்கும் ஒரே மகள். அஸ்தினாபுரத்தில் கட்டிக் கொடுத்து அஞ்சு வருஷம். புருஷன் தினகரன், சிறுசேரியில் எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கட்டடங்களில் சூப்பர்வைசர். குணமான பையன். குழந்தைதான் இல்லை. வேதா அம்மா வீட்டுக்கு வந்தால் குட்டிகளோடுதான் பொழுதைக் கழிப்பாள். அன்றைக்குத் தென்னைக்கு அடியில் குழி வெட்டியதும் அவள்தான். சுமோ மூன்று நாள் அந்த லாரித் தடத்தை முகர்ந்துகொண்டே திரிந்தது. பொன்னுரங்கத்தால் தாங்க முடியவில்லை.

பக்கத்து நகரில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ராஜகோபால் என்று ஒருவர் இருந்தார். தெருநாய்களைக் கொண்டுபோய்க் குட்டி போடாமல் ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்கு ஒரு காதில் சின்னதாக வெட்டுப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டி ஒன்றை அவர் தை மாதத்தில் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். பொன்னுரங்கம் அவரிடம் போய்ச் சுமோவையும் சேர்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வீட்டில் சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கெயம வண்டி வருதாம். சுமோவக் குடுத்துடலாம்."

லோகநாயகியின் கை குழம்புக் கரண்டியோடு நின்றது.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? அஞ்சு குட்டிய மண்ல போட்டு மூடினோமே, மறந்துட்டியா? ஆபரேஷன் பண்ணிட்டா இந்தப் பேஜாரே இல்ல. அதுக்கும் உடம்பு தேறும். பாரு, எலும்பும் தோலுமா கீது."

"வாயில்லாத ஜீவன் வயித்துல கத்திய வெக்கணுமா?"

"கத்தி வெச்சா பாவம். லாரி ஏறினா பாவமில்லியா?"

லோகநாயகி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தது அந்த வீட்டில் அதிசயம். பொன்னுரங்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் இப்படி ஏமாந்திருக்கக் கூடாது.

அவள் மனதில் ஓடியது வேறு. மகள் வயிறு திறக்கவில்லையே என்று திருநீர்மலை, திருவேற்காடு, மாங்காடு என்று படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அதே வீட்டில், அதே கையால் சோறு தின்கிற ஒரு பெட்டையின் வயிற்றை நாமே கத்தி வைத்து மூடினால் தெய்வம் என்ன நினைக்கும்? "சரிதான், இவங்களுக்கு இது வோணாம் போல" என்று அங்கேயும் மூடிவிட்டால்? இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கட்டிக்கொண்டது. அவளாகக் கட்டியதால் அவிழ்க்கவும் ஆளில்லை. புருஷனிடம் சொன்னால் சிரிப்பார். மகளிடம் சொல்லவே முடியாது.

வண்டி வருகிற அன்று பொன்னுரங்கம் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டத் தாம்பரம் போயிருந்தார். லோகநாயகி சுமோவின் கழுத்தில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, ஏரிக்கரை மேலேயே நடத்தி அகரம்தென்னில் இருந்த அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் வடிவேலு ஆடு வளர்ப்பவர். பிறந்த வீட்டில் ஆட்டுக்குக் காதில் வெட்டுப் போடுவது அவர்களுக்குப் புதிதல்ல. மேய்ச்சலில் ஆடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு உண்டு. லோகநாயகி சின்ன வயதில் எத்தனையோ குட்டிகளுக்குப் போட்டிருக்கிறாள். நாய்க் காது என்ன பெரிய காது?

"அண்ணா, வாயக் கெட்டியா புடி" என்றாள்.

"நாய்க்கு இன்னாத்துக்கும்மா அடையாளம்? மேயவா போவுது?"

"புடின்னா புடி."

புது பிளேடு. ஒரே இழுப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். சுமோ ஒரு தரம் வீறிட்டுவிட்டு அவள் கையையே நக்கியது. அப்போது லோகநாயகிக்குக் கண் கலங்கியது நிஜம். ஆனாலும் வயிறு தப்பித்ததே என்று நெஞ்சில் பாரம் இறங்கியதும் நிஜம்.

காது ஆறும்வரை அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, சில நாள் கழித்துச் சுமோ காதில் வெட்டோடு வீடு வந்து சேர்ந்தது. வண்டிக்காரர்கள் காலையில் விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னாள். பொன்னுரங்கம் காதைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ராஜகோபால் ஸ்கூட்டரில் போகும்போது பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பங்குனியில் சுமோ சூட்டுக்கு வந்து, ஏழு தெருக் கடுவன்களும் கிணற்று மேட்டில் மாநாடு போட்டபோது லோகநாயகி அதைக் கொட்டகைக்குள் சங்கிலியில் கட்டிப்போட்டு, கையில் விளக்குமாற்றோடு காவல் இருந்தாள். "ஆபரேஷன் பண்ணாலும் கொஞ்ச நாளிக்கு இப்டித்தான் இருக்குமாம்" என்று புருஷனுக்கு விளக்கமும் சொன்னாள். குட்டியும் இல்லை, கத்தியும் இல்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்தபோது வேதா வந்தாள். இந்தத் தடவை பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தது. மாமியார் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று லோகநாயகிக்குப் புரிந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கேட்காமல் மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள்.

"மா, சுமோ சோத்தத் தொடவேல்ல" என்றாள் வேதா. "மீன் தலையப் போட்டேன். மோந்துட்டுப் போயிடுச்சு."

"வெயிலுக்கு."

"தண்ணி மட்டும் குடிச்சிகினே இருக்கு. தொட்டிய விட்டு நகர மாட்டேங்குது."

"வெயிலுக்குத்தான்டி."

வெயிலுக்கு இல்லை. இரண்டு நாளில் சுமோ எழுந்திருக்கவே யோசித்தது. லாரி வந்தால் குரைக்கவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. தசரதன் என்று ஒரு டிரைவர், கிணற்றுக்கு முதல் லாரி கொண்டுவருகிறவன், குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, சினையா கீதா?" என்றான். "காதப் பாத்துட்டுப் பேசு" என்று லோகநாயகி எரிந்து விழுந்தாள். விழுந்த கையோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, மகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு சேலையூரில் நாய் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மோகன்ராஜ் இளவயசு. மேசைமேல் கிடத்திய சுமோவின் ஈறைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி ரொம்பக் குடிக்குதா?"

"விடாம குடிக்குது சார்" என்றாள் வேதா.

"வாந்தி?"

"நேத்து ஒரு தடவை."

டாக்டரின் கை சுமோவின் தலைக்கு வந்தது. காதை மடித்துப் பார்த்தது.

"ஓ, ஆபரேஷன் ஆயிடுச்சா? குட். இல்லேன்னா நான் முதல்ல கர்ப்பப்பையைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆபரேஷன் பண்ணாத பெட்டை நாய்ங்களுக்குச் சூட்டுக்கு வந்துட்டுப் போன கொஞ்ச நாள்ல உள்ளே சீழ் பிடிச்சுடும். இதே மாதிரிதான் தண்ணி குடிக்கும், வயிறு உப்பும். கவனிக்கலேன்னா ஆள் காலி. இவளுக்குத்தான் கர்ப்பப்பையே கிடையாதே, அந்தப் பயம் இல்லை. கிட்னியா இருக்கும். பிளட் டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். இப்போ டிரிப்ஸ் ஏத்தலாம், நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

லோகநாயகிக்குத் தெரியும், அந்தக் காது பொய். சொல்லிவிடலாம், இரண்டு வார்த்தைதான். ஆனால் பக்கத்தில் வேதா நின்றாள், சுமோவின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு. "ஏம்மா காத அறுத்த?" என்று அவள் கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? லோகநாயகி டாக்டரின் சுவரில் ஒட்டியிருந்த நாய்க்குட்டி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது. ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் முழுவதும் அவள் அடுப்படியைவிட்டு நகரவில்லை. சுமோவுக்கென்று குருணைக் கஞ்சி காய்ச்சினாள், அது தொடவில்லை. கோழிக்கால் வாங்கிவரச் சொல்லி வேக வைத்தாள், அதையும் தொடவில்லை. வேதா தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "தோ பாரு சுமோ, நாளிக்கு ரிசல்ட் வந்துடும். கிட்னிக்கு மருந்து கீதாம்" என்று அதனிடம் பேசினாள். கிட்னி என்ற சொல் வரும்போதெல்லாம் லோகநாயகி அடுப்பில் இன்னொரு சுள்ளியைத் தள்ளினாள்.

இல்லாத நோய்க்கு மருந்து வரும். இருக்கிற நோயில் நாய் சாகும். அது தனக்கு மட்டும் தெரியும். இதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

விடிந்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. புருஷனிடம் மட்டும் சொல்லிவிடுவது. அவர் டாக்டரிடம் சொல்லிக்கொள்வார், வண்டிக்காரர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றோ எதையோ. வேதா காதில் விழாமல் சொல்ல அந்த வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. ஓடுகிற மோட்டாருக்குப் பக்கம்.

தசரதனின் லாரி குழாய்க்கு அடியில் நின்றது. மோட்டார் இரைந்தது. லோகநாயகி கொட்டகைக்குள் போய்ப் புருஷனின் காதருகே வாயை வைத்தாள்.

"யோவ், ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"சத்தமா சொல்லு!"

"சுமோவ வண்டிக்காரங்க புடிச்சிகினு போவவேயில்ல!"

"இன்னாது?"

"போவல! நான் எங்க அண்ணன் வூட்டுக்கு இட்டுகினு போயி காத அறுத்து இட்டுகினு வந்தேன்! ஆபரேஷனே ஆவல! அதோட கர்ப்பப்பை அப்டியே கீது!"

பொன்னுரங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். பேய் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எதுக்குடி?"

"எதுக்குன்னா..." மோட்டாரை மிஞ்சிக் கத்தினால்தான் வரும் போலிருந்தது. கத்தினாள். "வேதா வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதேய்யா!"

வெளியே தொட்டி தளும்பியது. தசரதனின் கை ஆடியது. பொன்னுரங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் பழகிப்போன கை தானாகச் சுவிட்சை இழுத்தது. மோட்டார் நின்றது. லோகநாயகி நிற்கவில்லை.

"இந்த வூட்ல நாய் வயித்த மூடிட்டா அவ வயிறும் மூடிக்கும்னுதான்யா பண்ணேன்!"

தென்னைமரத்து அணில்கூடக் கேட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியருகில், சுமோவுக்குத் தண்ணீர் மொள்ள வந்த வேதா, கையில் அலுமினியச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். லாரிமேல் தசரதன் குழாயைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான். குழாயில் மிச்சத் தண்ணீர் ஒழுகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேதா சட்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்து டாக்டர் கேட்டாரே, அப்போ ஏன் சொல்லல?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

லோகநாயகி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஆட்டோக்கு ஃபோன் போடு."

"ஆட்டோ வர்ற வரிக்கும் தாங்காதும்மா" என்று தசரதன் மேலிருந்து இறங்கினான். "வண்டில ஏறுங்க. லோடு அப்பால இறக்கிக்கலாம்."

நிறைந்த தொட்டியோடு லாரி ஆடி ஆடிப் போயிற்று. முன்சீட்டில் தாயும் மகளும், இரண்டு பேர் மடியிலுமாகச் சுமோ. தலை மகள் பக்கம், இடுப்பு தாய் பக்கம். தசரதன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரேடியோவைப் போடலாமா என்று கை போய், திரும்பி வந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியபோது வேதா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க தெருவுல மளிகைக் கடைக்காரம்மா வரைக்கும் என் வயித்தப் பத்திதான் பேச்சு. விசேஷம்னு ஒரு வூட்டுக்குப் போவ முடில. நம்ம வூட்டுக்கு வந்தா ஒருத்தரும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டாங்க. நீ ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. எவ்ளோ நிம்மதியா இருந்தேன் தெரியுமா? இப்போ பாத்தா நீயும் அதேதான் பேசிட்டிருந்திருக்க. வாய்ல பேசல, நாய் காதுல எழுதி வெச்சிட்ட."

"நான் கெட்டது நெனைக்கலடி."

"தெரியும். கெட்டது நெனைச்சிருந்தா சண்டையாச்சும் போட்டுட்டுப் போயிடலாம்."

லோகநாயகி அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க. அவள் வாழ்க்கையில் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மோகன்ராஜிடம் வேதாவே சொன்னாள், சுற்றி வளைக்காமல். அவர் கையில் இருந்த பேனாவை மேசையில் போட்டார்.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? இந்த வெட்டைப் பார்த்துத்தானே நாங்க முடிவு பண்றோம்? காதுல போடற வெட்டு அலங்காரத்துக்கா?"

"தப்புதான் சார்" என்றாள் லோகநாயகி.

அவர் ஸ்கேன் பார்த்தார். கர்ப்பப்பை மொத்தமும் சீழ். "உடனே எடுக்கணும். எடுத்தா பிழைக்க வழி இருக்கு, ஆனா ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. டேபிள்லயே போனாலும் போயிடலாம். எடுக்கலேன்னா நிச்சயம் போயிடும்." பிறகு இரண்டு பேரையும் பார்த்து, "யார் முடிவு சொல்றீங்க?" என்றார்.

லோகநாயகி மகளைப் பார்த்தாள். வேதா சுமோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

இப்போது நினைத்தால், வேதா அங்கே கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டாள் என்றுதான் தோன்றும். ஆனால் அதைவிட மென்மையாக நடந்திருந்தால் லோகநாயகிக்கு உறைத்திருக்காது. ஏறிய கோயில் படி எல்லாம் கண்முன் வந்து போயிற்று. அவள் சுமோவின் அறுந்த காதைப் பிடித்துக்கொண்டாள். காது கொதித்தது. தெளிவாகச் சொன்னாள்.

"எடுத்துடுங்க டாக்டர். எங்களுக்கு நாய் வோணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. தசரதன் லோடை இறக்கப் போகாமல் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். பொன்னுரங்கம் கிணற்றில் லாரிகளை அப்படியே நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். மோட்டார் வாங்கிய நாளிலிருந்து, ஊற்று இருக்கும்போதே லாரி காத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

வெகுநேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். சுமோ ஒருக்களித்துக் கிடந்தது, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. விலா ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் லோகநாயகி மூச்சுவிட்டாள். பக்கத்தில் எவர்சில்வர் பேசினில் எடுத்துப் போட்டது இருந்தது. காற்றடைத்த சைக்கிள் ட்யூப் மாதிரி இரண்டு கிளையாக, தடித்து, நிறம் மாறி.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும்" என்றார் மோகன்ராஜ். இப்போது கோபம் இல்லை. "சின்ன வயசுலயே பண்ணியிருந்தா இது வரவே வராதும்மா. மார்புக் கட்டியும் அவ்வளவா வராது. தை மாசமே பண்ணியிருந்தாக்கூட ஒரு சின்னத் தையலோட போயிருக்கும்."

"இத்தயா சார் நான் காப்பாத்தி வெச்சேன்?" என்று லோகநாயகி கேட்டாள்.

சுமோவுக்கு மயக்கம் தெளியக் காத்திருந்தபோது லோகநாயகி தயங்கித் தயங்கி மகளின் கையைத் தொட்டாள். வேதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே எனக்காக எந்தக் கோயிலுக்கும் போவாத மா."

"சரிடி."

"போனாலும் கொயந்த கேக்காத. நான் நல்லா இருக்கணும்னு கேளு. அது போதும்."

லோகநாயகி தலையை ஆட்டினாள். தனக்கு அது இத்தனை நாள் தோன்றவே இல்லையே என்றுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே மகள், நல்லா இருக்கணும் என்று ஒரு தரம்கூட வேண்டிக்கொண்டதில்லை.

சுமோ பிழைத்துக்கொண்டது. பத்து நாளில் தையல் பிரித்தார்கள். ஆடிக் கூழ் ஊற்றும்போது தசரதன் லாரியைப் பார்த்துக் குரைத்தது. உடம்பு தேறி, எலும்பெல்லாம் மறைந்து, பிளாட் பார்க்க வந்தவர்கள் "என்ன ஜாதி நாய்ங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஆயிற்று. அடுத்த தடவை ராஜகோபாலின் வண்டி வந்தபோது தெருவில் பிடிபடாத நாய்களையெல்லாம் கருவாட்டைக் காட்டிப் பிடித்துக் கொடுத்தவள் லோகநாயகிதான். "பாவமாச்சே லோகா" என்று யாராவது சொன்னால், பேசினில் கண்டதை முழுசாகச் சொல்லாமல் விடமாட்டாள். பாதியிலேயே ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

என்ன நாட்கள் அவை! வறட்சிதான், ஊரே வறண்டு கிடந்ததுதான். ஆனாலும் விடிகாலையில் ஈர மண் வாசனையும் கூழ் வாசனையும் டீசல் புகையும் கலந்து வருமே, அதை இப்போது எந்தக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அடுத்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. லாரிகள் வருவது நின்றது. கிணற்றைத் தூர்த்து வீடுகள் வந்தன. சுமோ அதையெல்லாம் பார்த்துவிட்டு, பல வருஷம் இருந்து, வயசாகித்தான் போயிற்று. கடைசிவரை ஒரு குட்டியும் எந்தச் சக்கரத்துக்கும் கீழே போகவில்லை.

வேதாவுக்குக் குழந்தை பிறந்ததா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? பெற்ற தாயே அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். வேதா நன்றாக இருக்கிறாள்.